தண்ணி அள்ற வீடு

நாலு முழம் தென்னங்குருத்து, நானூறு பேர் இருக்கிற ஒரு ஊரை அசையவிடாம நிறுத்திடும்னு சொன்னா நம்புவீங்களா?

கிழக்கே ரொம்ப தூரத்துல, கேய் தீவுகள்ல, எல்தாவ்னு ஒரு ஊரை நிறுத்திடுச்சு. அக்டோபர் மாசம், ஒரு புதன்கிழமை, காலைல ஆறு மணி. படகுத்துறையைக் கடைசியா ஒரு தடவை பெருக்கிடலாம்னு விளக்குமாத்தோட வந்த கோஸ்மாஸ் பாதித் துறையிலயே நின்னுட்டான். துறை முனையில ரெண்டு கழி நட்டிருந்துச்சு. நடுவுல, இப்பத்தான் மரத்துலேந்து இறக்கின மாதிரி இளமஞ்சளா ஒரு குருத்தோலை, முடிச்சு முடிச்சாத் தொங்குது. காத்துல லேசா ஆடுது.

நம்ம பக்கமா இருந்தா கல்யாண வீடுன்னு நெனச்சு நேரா சாப்பாட்டுப் பந்திக்கே போயிடுவோம். அங்க அதுக்குப் பேரு ஹவெயர். தடை ஓலை. கட்டினவங்களா மனசு வச்சு அவுத்தாத்தான் உண்டு. மத்தவன் கை வச்சா அவன் வீட்டுல அப்புறம் யாரும் பொண்ணு கொடுக்கவும் மாட்டாங்க, எடுக்கவும் மாட்டாங்க.

கோஸ்மாஸ் விளக்குமாத்தைக் கீழ போட்டான். அன்னைக்கு ஒம்பதரை மணிக்குத் துவால் டவுன்லேந்து அதிகாரிங்க அதே துறையிலதான் வந்து எறங்கணும்.

விஷயம் இதுதான். அந்தப் பக்கத்து மூணு ஊருக்கும் சேத்து ஒரே ஒரு மருத்துவச்சிதான் கெடச்சிருந்தா. அவளை எந்த ஊருல தங்கவைக்கிறதுன்னு முடிவு பண்ண, மூணு ஊரையும் ஊர் விவரம் எழுதித் தரச் சொன்னாங்க. எத்தனை வீடு, எத்தனை கெணறு, எத்தனை பேர் புள்ளத்தாச்சி, ஊரு எப்படி உண்டாச்சு, யார் யார் வந்து குடியேறினாங்க, எல்லாம். எழுதினது நெசந்தானான்னு நேர்ல வந்து பாப்பாங்க. பொய் இருந்தா அந்த ஊர் பேரை அடிச்சிடுவாங்க.

எல்தாவ் ஊராபீசுக்கு எழுத்தர் கோஸ்மாஸ். நாப்பத்தெட்டு பக்கம், மூணு பிரதி, ரெண்டு மாசமா உக்காந்து எழுதித் துவாலுக்கு அனுப்பினது அவன்தான். சம்பளத்துக்கு மட்டும் எழுதலை. அவன் பொண்டாட்டி தெக்லாவுக்கு எட்டாம் மாசம். மொத பிரசவத்துக்குத் துவாலுக்குப் படகுல போகும்போது நடுக்கடல்லயே வலி முத்திடுச்சு. மெர்சி பொறந்தது பெட்ரோல் டப்பாவுக்கும் மீன் கூடைக்கும் நடுவுல.

"செத்தாலும் இன்னொரு தடவை அந்தப் படகுல ஏற மாட்டேன்"னு தெக்லா சொல்லிட்டா. "ஒண்ணு மருத்துவச்சி இங்க வரணும். இல்ல, நீங்களே கத்திரிக்கோல் எடுத்துக்கிட்டு பக்கத்துல உக்காருங்க."

கோழி அறுக்கும்போதே கண்ணை மூடிக்கிற ஆளு கோஸ்மாஸ்.

அவன் ஓடிப்போய் ஊர்த்தலைவரை எழுப்பினான். அங்க தலைவரை ஓராங்காய்னு கூப்பிடுவாங்க. லம்பெர்த்துஸ் அவர் பேரு. நல்ல தொப்பை, நல்ல குரல், காது மட்டும் கொஞ்சம் மந்தம். ஓலையைப் பாத்ததும் அவர் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கிட்டாரு.

"எவன்டா கட்டினது?"

"தெரியலை ஓராங்காய்."

"எவன் கட்டினான்னு தெரியாம என்னத்தை அவுக்கிறது? ஊரைக் கூப்பிடு!"

கூப்பிட வேண்டிய அவசியமே இல்ல. ஏழு மணிக்குள்ள ஊரே துறையில நின்னுச்சு. புல்லாங்குழல் ஊத இருந்த பள்ளிக்கூடப் புள்ளைங்க சிவப்புச் சட்டையோட வந்துட்டாங்க. மரவள்ளி மாவுல எம்பால் ரொட்டி சுட்டுக்கிட்டிருந்த பொம்பளைங்க மாவுக் கையோட வந்துட்டாங்க. அதிகாரிங்க வர்றாங்கன்னு கட்டிப்போட்ட பன்னிங்க மட்டும்தான் வரலை. ஆளாளுக்கு ஒரு பேரைச் சொன்னாங்க. அவன் எல்லைத் தகராறு, இவன் தென்னந்தோப்புத் தகராறு, அவளோட மருமகன் தகராறுன்னு பத்து வருஷத்துச் சண்டையெல்லாம் பத்து நிமிஷத்துல வெளிய வந்து விழுந்துச்சு.

"ஏன் தொண்டை கிழியக் கத்துறீங்க? நான்தான் கட்டினேன்."

கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சுச்சு. செரபினா வந்துக்கிட்டிருந்தா. அம்பது வயசு, ஒத்தைக் கட்டை, மீனைப் புகைபோட்டு விக்கிறவ. அவ வாய்க்குப் பயந்து பாதிரியாரே பிரசங்கத்தைச் சுருக்கிப்பாருன்னு சொல்லுவாங்க. வெத்தலையை ஒரு கன்னத்துலேந்து இன்னொரு கன்னத்துக்கு மாத்திக்கிட்டு, துறை ஓரமா இருந்த மரக்கட்டை மேல உக்காந்தா.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இங்கேந்து யார் வேணும்னாலும் கடலுக்குப் போகலாம். கடல்லேந்து வெளியாள் ஒருத்தரும் எல்தாவ் கரையில கால் வைக்கக் கூடாது. துறையிலயும் சரி, கரை மணல்லயும் சரி. அதான் என் ஓலை."

லம்பெர்த்துஸ் குரலைத் தாழ்த்திக்கிட்டாரு. அவர் தாழ்த்தினாலும் பாறை வரைக்கும் கேக்கும். "தங்கச்சி, இன்னைக்குப் போயா? நாளைக்குக் கட்டு. ஒண்ணுக்கு மூணாக் கட்டு. நானே கழி வெட்டித் தர்றேன்."

"இன்னைக்குக் கட்டினாத்தான் ஓலை. நாளைக்குக் கட்டினா குப்பை."

"அப்படி என்னதான் கொறை உனக்கு?"

செரபினா கோஸ்மாஸைக் கையைக் காட்டிக் கூப்பிட்டா. "எழுத்தரய்யா, இப்படி வாங்க. புத்தகத்துல ரெண்டாம் பக்கத்துல என்ன எழுதியிருக்கீங்க? நேத்து ராத்திரிதான் என் காதுக்கு வந்துச்சு. மனப்பாடமா இருக்குமே. சொல்லுங்க, ஊரு கேக்கட்டும்."

அவ 'ங்க' போட்டுப் பேசினா மழை வரப்போகுதுன்னு அர்த்தம். கோஸ்மாஸ் சொன்னான்: "எல்தாவ் ஊர் ஒரே பெலாங்ல வந்தது. அந்தப் படகுல வந்த வீடுங்க நாலு. சுக்கான் பிடிச்ச வீடு ஒண்ணு. முன்னாடி நின்னு வழி பாத்த வீடு ஒண்ணு. துடுப்புப் போட்ட வீடு ரெண்டு..."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அத்தை."

"சரி. படகுல தண்ணி ஏறினா யாருடா அள்ளினது? உங்கப்பனா?"

கூட்டத்துல யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. அப்புறம் சிரிப்பு அப்படியே அடங்கிப்போச்சு.  வீடுன்னா அங்க வம்சம்; செரபினாவோடது தண்ணி அள்ற வீடு. ஊருல மூணு வயசுப் புள்ளைக்கும் தெரியும். கோஸ்மாஸுக்கும் தெரியும். ஆனா எழுதலை.

எப்படி விட்டுப்போச்சுன்னு அவனுக்கு அப்பவே புரிஞ்சுது. ஊர்க் கதையைச் சொல்லுங்கன்னு ஓராங்காய்கிட்ட கேட்டப்போ அவர் மீன் முள்ளு எடுத்துக்கிட்டிருந்தாரு. "பெலாங்தான்டா ஊரு. போய் அதுல உக்காந்து பாத்து எழுது. எல்லாம் அதுலயே இருக்கு"ன்னு சொன்னாரு. அவனும் கொட்டகைக்குப் போயி, அந்த நீளப் படகுல ஏறி உக்காந்து, பலகை பலகையா எண்ணி, இந்தப் பலகை இந்த வீடு, அந்தப் பலகை அந்த வீடுன்னு எழுதினான். தண்ணி அள்றவனுக்குப் பலகை கெடையாது. அவன் நடுவுல நின்னுக்கிட்டேதான் வருவான். உக்கார எடமில்லாதவங்க எழுத்துல வராம போயிட்டாங்க.

"அத்தை, மன்னிச்சிருங்க. மாத்தி எழுதிடறேன். இப்பவே எழுதறேன்."

"எங்க எழுதுவ? உன் நெத்தியிலயா? புத்தகம் மூணும் அவங்ககிட்ட இருக்கு. முத்திரை குத்தின புத்தகம். அதுல, என் கண்ணு முன்னாடி, எங்க வீட்டை எழுது. எழுதின நிமிஷம் ஓலையை அவுக்கறேன்."

"புத்தகம் அவங்களோட வருது அத்தை."

"வரட்டும்."

"அவங்க கரையில எறங்க முடியாதே. நீங்கதானே ஓலை கட்டியிருக்கீங்க."

"ஆமா. கட்டியிருக்கேன்."

லம்பெர்த்துஸ் தலையில கைய வச்சுக்கிட்டாரு. ஓலை அவுந்தாத்தான் புத்தகம் கரைக்கு வரும். புத்தகம் வந்தாத்தான் ஓலை அவுழும். போதாததுக்கு அன்னைக்கு மெத்தி நாளு. அக்டோபர் மாசத்துல கடல் ரொம்ப தூரத்துக்கு வத்திப்போற நாளு. ஒம்பது மணிக்கே தண்ணி எறங்க ஆரம்பிச்சு, பதினொண்ணுக்கெல்லாம் முக்கா மைலுக்கு வெறும் மணலும் பவளக்கல்லுமாக் கெடக்கும். துறை முனையில நண்டு ஓடும்.

மணி எட்டரை. கோஸ்மாஸ் தெக்லாவைத் தேடினான். கூட்டத்துக்குப் பின்னாடி, ரெண்டு கையையும் இடுப்புல வச்சு, வயித்தை முன்னாடி தள்ளிக்கிட்டு நின்னா.  

அவன் செரபினாகிட்ட வந்து மண்டி போட்டான்.

"அத்தை, புத்தகம் கரைக்கு வர முடியாதுன்னா நாம புத்தகத்துகிட்டப் போகலாம். கடலுக்குப் போறதுக்குத் தடை இல்லைன்னு நீங்களே சொன்னீங்கல்ல?"

செரபினா வெத்தலை மெல்றதை நிறுத்தினா. மொத தடவையா அவ மொகத்துல ஒரு மாதிரி வெளிச்சம் வந்துச்சு.

"போகலாம். ஆனா எவனோட மீன் படகுலயும் மூட்டை மாதிரி நான் போக மாட்டேன். எங்க வீடு போனா பெலாங்லதான் போகும். எங்க எடத்துல நின்னுதான் போகும்."

"பெலாங் கொட்டகையில ஏறி ரெண்டு வருஷமாச்சு தங்கச்சி"ன்னாரு லம்பெர்த்துஸ். "காஞ்சு போயிருக்கும். பலகைக்குப் பலகை கை நுழையும்."

"அதுக்குத்தானே நாங்க இருக்கோம்."

பின்னாடி ஒரு பெருசு முனகினாரு. "பொம்பளை பெலாங்ல நிக்கிறதா? இவ தம்பியை வரச் சொல்லுங்கப்பா."

"என் தம்பி சோரோங்ல லாரி ஓட்டிக்கிட்டிருக்கான். வரச் சொல்லு, அடுத்த மாசம் வருவான்"னா செரபினா. "ஏன் சித்தப்பா, ஆம்பளை அள்ளினா கடல் தண்ணி, நான் அள்ளினா கழனித் தண்ணியா?"

ஊரே வெடிச்சுச் சிரிச்சுச்சு. அந்தச் சிரிப்போட சிரிப்பா முப்பது பேர் கொட்டகையைப் பாத்து ஓட ஆரம்பிச்சுட்டாங்க. யாரும் முடிவுன்னு ஒண்ணு எடுக்கலை. கால்தான் முடிவு எடுத்துச்சு.

பெலாங்கை நகர்த்தறது சின்ன வேலை இல்ல. பதினெட்டு ஆள் நீளம். கீழ வாழைமட்டை போட்டாங்க. தோள் கொடுத்தாங்க. "ஏ... லோ!"ன்னு ஒருத்தன் கத்த, "ஏலோ!"ன்னு முப்பது பேர் திரும்பக் கத்த, படகு ஒரு முழம் நகரும். பொம்பளைங்க ரெண்டு பக்கமும் நின்னு கையைத் தட்டிக் கேலி பண்ணாங்க. "கல்யாணத்தன்னைக்குத் தூக்கின பலம் எங்கய்யா போச்சு?" "அவரு அன்னைக்கும் தூக்கலடி, நான்தான் அவரைத் தூக்கினேன்!" புல்லாங்குழல் புள்ளைங்க, அதிகாரி வந்தா ஊதச் சொன்ன பாட்டை அப்பவே ஊத ஆரம்பிச்சுட்டாங்க. மத்தளக்காரனும் சேந்துக்கிட்டான். படகு தண்ணியில எறங்கினப்ப, கரையில நின்ன அத்தனை பேரும் இடுப்பு வரைக்கும் நனைஞ்சிருந்தாங்க.

செரபினா வீட்டுக்குப் போய்ட்டு வந்தா. கையில அகலவாய்ச் சங்கு. அதுலதான் அவங்க வீட்டு ஆளுங்க எப்பவும் தண்ணி அள்றது. சேலை மாதிரி சுத்தியிருந்த சாரோங்கை முட்டிக்கு மேல ஏத்திக் கட்டிக்கிட்டு, பெலாங் நடுவுல, பலகைக்கும் பலகைக்கும் இடையில போய் நின்னா. லம்பெர்த்துஸ் சுக்கானுக்குப் போனாரு. கோஸ்மாஸ் அவரு காலடியில, சட்டைப் பையில ரெண்டு பேனாவோட உக்காந்தான்.

அதே நேரத்துல தூரத்துல மோட்டார் சத்தம் கேட்டுச்சு. வெள்ளை ஸ்பீடு போட்டு, அதிகாரிங்களோட படகு. பவளப்பாறை விளிம்பு வரைக்கும் சர்ருன்னு வந்துச்சு. அப்புறம் சத்தம் படக்குன்னு நின்னுபோச்சு. அதை ஓட்டினவனும் கேய்க்காரன்தானே. துறையில கழியும் ஓலையும் தெரிஞ்சதுமே மோட்டாரை அணைச்சுட்டான். போட்டு அங்கயே ஆடிக்கிட்டு நின்னுச்சு.

"நின்னுட்டாங்க! திரும்பிப் போயிடப் போறாங்க! போடுங்கடா துடுப்பை!"ன்னு லம்பெர்த்துஸ் கத்தினாரு.

போட்டாங்க பாருங்க! முப்பது துடுப்பு ஒண்ணா விழுந்து ஒண்ணா எழுந்துச்சு. மத்தளம் நெஞ்சுக்குள்ள அடிச்ச மாதிரி இருந்துச்சு. கீழ பவளக்கல்லு வெள்ளை வெள்ளையா ஓடுது. தண்ணி முட்டி ஆழம்தான். மீன் படகா இருந்தா மோட்டாரோட விசிறி ஒடைஞ்சிருக்கும். பெலாங் வழுக்கிக்கிட்டுப் போச்சு. ஆனா ஓராங்காய் சொன்னது சரிதான். காஞ்ச பலகை இடுக்கு அத்தனையிலேந்தும் தண்ணி பீச்சி அடிச்சுது. கோஸ்மாஸ் கால் மொதல்ல நனைஞ்சுது, அப்புறம் மூழ்குச்சு.

செரபினா குனிஞ்சா. அள்ளினா. வீசினா. குனிஞ்சா, அள்ளினா, வீசினா. துடுப்பு ஒரு தடவை விழுறதுக்குள்ள அவ ரெண்டு தடவை அள்ளினா. "வலது பக்கம் சாயாதீங்கடா தடிப்பசங்களா!"ன்னு திட்டிக்கிட்டே அள்ளினா. முன்னாடி பலகையில இருந்த ஒருத்தன் உதவி செய்யலாம்னு தன் தொப்பியால அள்ளப் போனான். "தொப்பிய எடு! அது உன் வேலை இல்ல!" ஒரே கத்து. அவன் தொப்பியை மாட்டிக்கிட்டுத் துடுப்பை எடுத்தான்.

கோஸ்மாஸுக்கு ரெண்டு வருஷமா ஆபீஸ் நாக்காலியில உக்காந்து தேஞ்ச ஒடம்பு. ஆனா அந்த நேரம் ஓ...ன்னு கத்தணும் போல இருந்துச்சு. கத்தினான். எதுக்குன்னு தெரியலை.

ஸ்பீடு போட்டுல ஓட்டறவனைத் தவிர மூணு அதிகாரிங்க இருந்தாங்க. நடுவுல நூர்லைலா அம்மா, அவங்கதான் மேலதிகாரி. பச்சை முக்காடு, மடியில பிளாஸ்டிக் பை, பைக்குள்ள மூணு புத்தகம். கடல் ஆட்டத்துல மொகம் வெளுத்திருந்துச்சு.

"என்ன ஓராங்காய், ஹவெயர் கட்டிட்டுப் பெலாங்கையும் அனுப்பறீங்க? வான்னு சொல்றீங்களா, போன்னு சொல்றீங்களா?"

"வாங்கன்னுதான்மா சொல்றோம்! ஓலை சும்மா... ஒரு சின்ன..."

"ரெண்டாம் பக்கம்"னா செரபினா. சங்கை இடுப்புல இடுக்கிக்கிட்டு நேரா நின்னா.

நூர்லைலா அம்மா புருவத்தைத் தூக்கினாங்க. "ரெண்டாம் பக்கத்துல என்ன?"

லம்பெர்த்துஸ் குனிஞ்சு கோஸ்மாஸ் காதுக்குள்ள சொன்னாரு. அவரோட ரகசியம், அந்த ஸ்பீடு போட்டை ஓட்டறவனுக்கே கேட்டிருக்கும். "தப்புன்னு சொல்லிடாதடா. சொன்னா ஊர் பேரை அடிச்சிடுவாங்க. ஒரு வரி சேக்கணும்னு மட்டும் சொல்லு. விரிவாக்கம்னு சொல்லு."

கோஸ்மாஸ் எழுந்து நின்னான். "அம்மா, ரெண்டாம் பக்கத்துல ஒரு சின்ன விரிவாக்கம்..."

செரபினா கையைக் கட்டிக்கிட்டா. அள்றதை நிறுத்திட்டா.

பாறை விளிம்புக்கு வெளிய ஆள் முழுகற ஆழம். படகுக்குள்ள தண்ணி கணுக்காலைத் தாண்டுச்சு.  ஆடுசதைக்கு வந்துச்சு. துடுப்புக்காரன் ஒருத்தன், "எழுத்தரே, சீக்கிரம் விரிச்சு முடிங்க, எனக்கு நீச்சல் தெரியும், உங்களுக்குத் தெரியாது"ன்னான். இன்னொருத்தனோட செருப்பு மெதந்து கோஸ்மாஸைத் தாண்டிப் போச்சு.

"அத்தை, அள்ளுங்க அத்தை."

"எதுக்கு? படகுல தண்ணி அள்ற வீடுன்னு ஒண்ணு இல்லவே இல்லையே. புத்தகத்துல பாத்துக்க."

கோஸ்மாஸ் கரையைத் திரும்பிப் பாத்தான். தூரத்துல ஊரு ஒரு வர்ணக் கோடு மாதிரி தெரிஞ்சுது. அதுல தெக்லா எதுன்னு தெரியலை. பெட்ரோல் டப்பாவும் மீன் கூடையும் ஞாபகம் வந்துச்சு. அவளோட அந்தக் கத்தல் ஞாபகம் வந்துச்சு. வாய்க்குள்ள விரிவாக்கம்ங்கிற வார்த்தை உமி மாதிரி ஒட்டிக்கிட்டிருந்துச்சு. துப்பிட்டான்.

"அம்மா, ரெண்டாம் பக்கம் பொய். இந்த ஊர் அஞ்சு வீடு. நான் நாலுன்னு எழுதிட்டேன். இவங்க வீட்டை விட்டுட்டேன். ஓராங்காய்க்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது. எழுதினது நான்."

"தெரிஞ்சு விட்டீங்களா?"

"தெரியாமத்தான். ஆனா படிக்கிறவங்களுக்கு அது பொய்தானேம்மா."

நூர்லைலா அம்மா அவனையே பாத்தாங்க. அப்புறம் அவங்க பார்வை எறங்கி, முழங்காலைத் தொடப்போற தண்ணியைப் பாத்துச்சு. பையைப் பிரிச்சு மூணு புத்தகத்தையும் நீட்டினாங்க. "எழுதுங்க. படகு முழுகறதுக்கு முன்னாடி எழுதுங்க. பக்கத்துல உங்க கையெழுத்துப் போடணும்."

கோஸ்மாஸ் ஸ்பீடு போட்டோட விளிம்புல புத்தகத்தை வச்சு எழுதப் போனான். "கடைசியில எழுதாத!"ன்னா செரபினா. "எங்க எடம் நடுவுல. நடுவுல எழுது." நடுவுல எடமே இல்ல. ரெண்டு வரிக்கு இடையில, எறும்பு ஊர்ற மாதிரி எழுத்துல நுழைச்சு எழுதினான்: தண்ணி அள்ளிய வீடு ஒன்று. முதல் பேனா நனைஞ்சு எழுதலை. ரெண்டாவது எழுதுச்சு. மூணு புத்தகம், மூணு கையெழுத்து.

"படி."

படிச்சான்.

"சத்தமா."

பவளப்பாறை எதிரொலிக்கிற மாதிரி படிச்சான். முப்பது துடுப்பும் படகு விளிம்புல டம் டம்னு தட்டுச்சு. செரபினா மூக்கை ஒரு தடவை உறிஞ்சினா. குனிஞ்சா. அதுக்கப்புறம் அவ அள்ளின வேகத்துல நூர்லைலா அம்மாவோட முக்காடு நனைஞ்சுபோச்சு.

ஸ்பீடு போட்டு அதுக்கு மேல வர முடியாது. மூணு அதிகாரியும் பெலாங்ல ஏறினாங்க. திரும்பி வர்ற வழியில பாதி தூரத்துல பெலாங்கும் தரை தட்டி நின்னுடுச்சு. கடல் போயே போச்சு. எல்லாரும் எறங்கினாங்க. அதிகாரிங்க செருப்பைக் கையில எடுத்துக்கிட்டாங்க. எதுக்க ஊரே மணல்ல ஓடி வந்துக்கிட்டிருந்துச்சு. புள்ளைங்க குட்டைக்குக் குட்டை மீனைத் தொரத்த, புல்லாங்குழல் முன்னாடி போக, கல்யாண ஊர்வலம் மாதிரி கரை வரைக்கும் நடந்தாங்க.

கரைக்குப் பத்தடி முன்னாடி எல்லாரும் நின்னுட்டாங்க. செரபினா மட்டும் தனியாப் போய், துறை மேல ஏறி, முடிச்சை ஒண்ணொண்ணா அவுத்தா. ஓலையைச் சுருட்டி இடுப்புல சொருகிக்கிட்டா.

"வாங்கம்மா"ன்னா நூர்லைலா அம்மாவைப் பாத்து. "புகை போட்ட மீன் இருக்கு. உப்புக் கொஞ்சம் தூக்கலா இருக்கும், பொறுத்துக்கங்க."

அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் நூர்லைலா அம்மா புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு வீடு வீடா நடந்தாங்க. கெணத்துல கயிறு விட்டுப் பாத்தாங்க. புள்ளத்தாச்சிங்களை எண்ணினாங்க. தெக்லாகிட்ட நின்னு மொத பிரசவம் எங்கன்னு கேட்டாங்க. தெக்லா சொன்னா. சொல்லச் சொல்ல அவங்க எழுதறதை நிறுத்திட்டுக் கேட்டாங்க. ஆனா முடிவைப் பத்தி ஒரு வார்த்தை வரலை. சாப்பிடும்போது மட்டும் லம்பெர்த்துஸ்கிட்ட சொன்னாங்க: "நேத்து போன ஊருல ஒரு தப்பும் இல்லைன்னு அடிச்சுச் சொன்னாங்க. ஏழு கெணறுன்னு எழுதியிருந்துச்சு. நான் மூணுதான் பாத்தேன்." லம்பெர்த்துஸுக்கு அது நல்லதா கெட்டதான்னு புரியலை. எம்பால் ரொட்டியை இன்னொண்ணு எடுத்து அவங்க தட்டுல வச்சாரு.

கோஸ்மாஸ் வீட்டுக்கு வந்ததும் தெக்லா கேட்டா. "பொய்னு நீங்களே வாயைத் திறந்து சொன்னீங்களாமே?"

"சொன்னேன்."

"படகு முழுகிடும்னு பயந்தா?"

"அதுவும்தான்."

அவ உப்புப் பூத்த சட்டையைக் கழட்டி வாங்கிக்கிட்டா. "கத்திரிக்கோலைத் தீட்டி வைங்க"ன்னா. சொல்லும்போது சிரிப்பை அடக்க முடியலை அவளுக்கு. அவனுக்கும் முடியலை. ரெண்டு பேரும் சிரிச்ச சத்தத்துல மெர்சி வந்து என்னன்னு கேட்டா.

அதிகாரிங்க ராத்திரி ஊருலயே தங்கினாங்க. மறுநாள் காலைல ஆறே முக்காலுக்குத் தண்ணி ஏறி, ஸ்பீடு போட்டு துறைக்கே வந்துச்சு. நூர்லைலா அம்மா துறையில நின்னு மூணு புத்தகத்துலயும் கடைசிப் பக்கத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. மருத்துவச்சி எல்தாவ்ல தங்குவா, நவம்பர் நாலாம் தேதி வருவான்னு எழுதியிருந்துச்சு. ஒரு புத்தகத்தைக் கோஸ்மாஸ்கிட்ட கொடுத்தாங்க. ஏழு மணிக்குப் போட்டு கெளம்பிடுச்சு.